பதினாலாம் நம்பரும் இடது இடுப்பும்

சூடான பையைத் துண்டில் சுற்றி இடது இடுப்பின் மேல் வைத்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பஸ் என்ஜினின் மூடிதான். பழைய டவுன் பஸ்ஸில் டிரைவருக்கு இடது பக்கம், தொடையை ஒட்டினாற்போல், என்ஜின் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும். மூடியின் மேல் ஒரு கிழிந்த கம்பளியைப் போட்டிருப்போம். அதன் மேல் ஒருவர் பையை வைப்பார், இன்னொருவர் கோழியை வைப்பார், கோழி சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி நிற்கும். எனக்குத்தான் காலை மாற்ற முடியாது. காக்கித் துணியைத் தாண்டி வரும் அந்தச் சூடு காலையில் முதல் டிரிப்பில் இதமாக இருக்கும், மத்தியானம் சுடும், சாயங்காலம் சூடு என்பதே தெரியாது, கால் தன் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருக்கும். இருபத்தாறு வருஷம். சூடு நல்லது என்றால் இந்த ஊரிலேயே நல்ல கால் என்னுடைய இடது கால்தான். சூடு கெட்டது என்றால் இந்தப் பிசியோதெரபிப் பெண் எதற்கு மறுபடியும் சூடு வைக்கிறாள்? கேட்டுவிடலாம் என்று ஆறு வாரமாக நினைக்கிறேன். ஆனால் பை இறங்கியவுடன் நாக்கு மந்தமாகிவிடுகிறது, மேலே மின்விசிறி சுற்றுகிறது, பச்சைத் திரைத்துணி உள்ளே ஊதி வெளியே ஊதி மூச்சு விடுகிறது, கேள்வி எங்கோ இறங்கிப் போய்விடுகிறது. "சூடு தாங்குதா அண்ணாச்சி?" என்கிறாள் பெனிட்டா. தூத்துக்குடிப் பெண். நான் முதன்முதலில் பதினாலாம் நம்பர் வண்டியை எடுத்த வருஷம் பிறந்திருப்பாள். முதல் நாள் அவள் அண்ணாச்சி என்றபோது, "எனக்கு மளிகைக் கடையெல்லாம் இல்லீங்க அம்மணி, பஸ் டிரைவருங்க" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் தோள் வலிக்கு வரும் கணக்கு வாத்தியார் சத்தம் போட்டுச் சிரித்தார். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க ஊர்ல மரியாதைக்குச் சொல்லுதது அண்ணாச்சி" என்றாள். அதிலிருந்து நான் அவளுக்கு அண்ணாச்சி, அவள் எனக்கு அம்மணி.

"பத்துக்கு எவ்ளோ?" என்று கேட்கிறாள். வலியைத்தான். வலியே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. வந்தவுடன் கேட்பாள், போகும்போது கேட்பாள், அட்டையில் எழுதிக்கொள்வாள். "மூணுங்க" என்கிறேன். போன வாரமும் மூணு, அதற்கு முந்தின வாரம் நாலு. படிப்படியாக இறங்கி வருகிற மாதிரி நானே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை மெடிக்கல் போர்டு. இன்றைக்குச் செவ்வாய். பெனிட்டா இன்றைக்கு எழுதித் தருகிற கடிதத்தை நான் அங்கே நீட்ட வேண்டும். நடக்கலாம், ஏறலாம், கால் பழையபடி வேலை செய்கிறது என்று அதில் இருந்தால் எனக்கு ஸ்டீயரிங். இல்லையென்றால் டெப்போ கேட். டெப்போ கேட்டில் ஒரு நாற்காலியும் நோட்டும் உண்டு. எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது என்று அதில் எழுத வேண்டும். கண் பார்வை குறைந்த ஒருவர் நாலு வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். வண்டி போகும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே மாட்டார், டயரைப் பார்ப்பார். காற்று இருக்கிறதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது புரிகிற மாதிரி இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் அடுத்து ஸ்டீயரிங் மேல் இருக்கிற கையைப் பார்க்க வேண்டிவரும். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அடியில் மடித்த அட்டை வைத்திருப்பார்கள். அந்த அட்டையைக் கூட நான் மனதில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டேன். மூணு. மூணு என்று சொன்னதில் தப்பில்லை. காலையில் எழுந்தவுடன் ஒரு நிமிஷம் மூணுதான் இருந்தது. அப்புறம் காலைத் தரையில் ஊன்றினேன்.

பையை எடுத்துவிட்டு நாலு பட்டைகளை ஒட்டுகிறாள், கரண்ட் வைக்கிறாள். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள், மற்றவர்களுக்கு அப்படித்தான் போலிருக்கிறது. எனக்கு அது நின்றுகொண்டிருக்கும் வண்டியின் நடுக்கம். பஸ் ஸ்டாண்டில் என்ஜினை ஓடவிட்டு, நேரம் ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கும்போது கிளட்ச் மிதி பாதத்தின் அடியில் இப்படித்தான் நடுங்கும். பாதம் அதை வாங்கி முழங்காலுக்குக் கொடுக்கும், முழங்கால் தொடைக்குக் கொடுக்கும், எல்லாம் கடைசியில் இடுப்புக்கு வந்து சேரும். மூலையில் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்குகிறது. அதன் இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு பந்து. வண்டியின் முன் சக்கரத்துக்கு மேலேயும் இதே மாதிரி பந்தும் கிண்ணமும் உண்டு, கிரீஸ் வைக்காவிட்டால் கத்தும். என் கிண்ணம் நன்றாக இருக்கிறதாம், பந்தும் நன்றாக இருக்கிறதாம். பக்கவாட்டில் எலும்போடு வந்து ஒட்டுகிற தசைநார்தான் அடிபட்டுக் கிடக்கிறது என்று பெனிட்டா எலும்புக்கூட்டைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. எலும்புக்கூட்டுக்கு ஏது தசை? ஆனால் அவள் விரல் நின்ற இடத்தில் எனக்குச் சுரீர் என்றது. ஒரு நாளைக்கு எத்தனை தடவை கிளட்சை மிதித்திருப்பேன்? நிறுத்தத்துக்கு நாலு ஐந்து தடவை, வேகத்தடைக்கு, மாட்டுக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு. எண்ணியதில்லை. எண்ணுவது எனக்கு வராது.

எண்ணுவது வராது என்பதை அவளிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். வலது பக்கமாகப் படுக்கச் சொன்னாள், முழங்கால்களுக்கு நடுவில் தலையணை, இடது காலை நேராக மேலே தூக்க வேண்டும், ஐந்து எண்ணும் வரை அப்படியே வைத்திருந்து மெதுவாக இறக்க வேண்டும். "பத்து தடவ. காலைல, மத்தியானம், சாயங்காலம். வீட்லயும் இதேதான்" என்றாள். சரி என்றேன். வீட்டில் செய்து பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று வரை ஒழுங்காகப் போகும். மூன்றில் மனசு எங்கேயாவது இறங்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் நாலா ஆறா என்று தெரியாது. எண்களுக்கு முகமே இல்லை. நாலுக்கும் ஆறுக்கும் என்ன வித்தியாசம்? நாலில் யார் ஏறுவார்கள், ஆறில் யார் இறங்குவார்கள்? இரண்டாம் நாள் காலை, கால் தானாக மேலே போனபோது, வாய் தானாக மணிக்கூண்டு என்றது. பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்தால் முதல் நிறுத்தம் மணிக்கூண்டு. அடுத்துப் பெரியாஸ்பத்திரி. அடுத்துத் தாலுக்கா ஆபீஸ். அப்புறம் குழப்பமே இல்லை. காலைத் தூக்கினால் நிறுத்தம், ஐந்து எண்ணுவதற்குப் பதில் ஜனம் ஏறி இறங்கும், கண்டக்டர் மாரப்பன் இரண்டு விசில் கொடுப்பான், கால் இறங்கும், வண்டி நகரும். கட்டிலில் படுத்தபடியே கொளத்துப்புதூர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருவேன். போன வண்டி திரும்பி வரத்தானே வேண்டும்? என் மனைவி வசந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னமோ முணுமுணுக்கறீங்க, மந்திரங்களா?" என்றாள். "ஆமா, இடுப்பு மந்திரம்" என்றேன். "அப்படியே எனக்கும் முட்டி மந்திரம் ஒன்னு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கரண்ட் நின்றுவிட்டது. பட்டைகளைப் பிடுங்கும்போது சத்தம் வருகிறது, ஈரமான இடத்தில் காற்றுப் பட்டுக் குளிர்கிறது. "ஆரம்பிங்க அண்ணாச்சி, நான் வாத்தியாரைப் பாத்துட்டு வந்துருதேன்" என்கிறாள். வாத்தியார் தோள் பயிற்சிக்காகச் சுவரில் ஆணியடித்த மர ஏணியில் விரலால் ஏறுவார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. நான் வலது பக்கம் திரும்பிப் படுக்கிறேன். கண்ணை மூடுகிறேன். மணிக்கூண்டு. கடிகாரம் பத்தே காலில் நின்று பல வருஷம் ஆயிற்று, அதற்குக் கீழே நிற்கிற எல்லோரும் தங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். கால் லேசாக மேலே போகிறது. பெரியாஸ்பத்திரி. இங்கே ஏறுகிறவர்கள் பேச மாட்டார்கள், கையில் பெரிய உறையில் எக்ஸ்ரே படம் இருக்கும், அதை மடக்காமல் பிடித்துக்கொள்ள ஒரு கை போய்விடும், கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம், அதனால் இங்கிருந்து வண்டியை மெதுவாக எடுப்பேன். இப்போது எனக்கும் அப்படி ஓர் உறை இருக்கிறது, பீரோவுக்கு மேலே. தாலுக்கா ஆபீஸ். பெண்கள் பள்ளிக்கூடம். இங்கே ஒரு நிமிஷம் கூடவே ஆகும், பைகள் கதவில் மாட்டும், மாரப்பன் "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள ஊரே காலியாக் கெடக்குது" என்பான். சந்தைப்பேட்டை. கருவாட்டு வாசனை. கொத்தமல்லி வாசனை. ரயில்வே கேட். கேட் மூடியிருந்தால் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன், அப்போதுதான் பின்னால் இத்தனை பேர் பேசிக்கொண்டிருப்பதே காதில் விழும், அத்தனை நேரம் என்ஜின்தான் பேசும். ரயில் போன பிறகும் தண்டவாளம் கொஞ்ச நேரம் பாடும். இங்கே வலி வந்துவிடுகிறது. எலும்புக்கூட்டில் அவள் விரல் வைத்த அதே இடம். நாலு இருக்கும். அரிசி மில். தவிட்டுத் தூசி கண்ணாடியில் படியும், ஊரைப் பால் ஊற்றிக் கழுவின மாதிரி வெளுப்பாகக் காட்டும். மரக்கடை. செக்போஸ்ட். இனி ஊர் முடிந்தது, காற்று வேறு. சாயப்பட்டறை முக்கு. என் ஊர். வசந்தாமணி நிற்கிறாள். மத்தியான டிரிப்புக்கு அவள் சோறு போட்ட தூக்குப்போசியோடு வந்து நிற்பாள், வண்டி நின்றதும் முன்பக்கமாகச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்து நீட்டுவாள். போசி கைமாறும்போது ஒரு வாக்கியம் பேசலாம், அவ்வளவுதான் நேரம். "பக்கத்து வீட்டுக் கெழவனோட மாடு கன்னு போட்டுருச்சு" என்பாள். "ரசத்தைச் சிந்தாமக் குடிங்க" என்பாள். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதையே அவள் ஜன்னலில்தான் சொன்னாள். நான் பதில் சொல்வதற்குள் மாரப்பன் இரண்டு விசில் கொடுத்துவிட்டான். கொளத்துப்புதூர் போகும் வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டு போனேன். இருபத்தாறு வருஷமாக ஒரு நாளைக்கு எட்டுத் தடவை என் வீட்டு முக்கில் நிற்கிறேன். இறங்கினதில்லை. டியூட்டி முடிந்து டெப்போவிலிருந்து சைக்கிளில் வருவேன், அது வேறு. விசில். வாய்க்கால் பாலம். தண்ணீர் திறந்துவிட்டிருந்தால் பாலத்தின் மேல் குளிர்ச்சி ஒரு துணி மாதிரி முகத்தில் பட்டு விலகும். வலி ஐந்து. அடுத்தது.

அடுத்தது கரட்டு மேடு. கட்டிலில் படுத்திருந்தாலும் கரட்டு மேட்டுக்கு முன்னால் கை கியர் கம்பியைத் தேடுகிறது. ஒரு நாளும் தவறினதில்லை. காலைத் தூக்குகிறேன். பங்குனி மாசம், சாயங்காலம், சூரியன் நேர் எதிரே, கண்ணாடி முழுக்க வெளிச்சம். வண்டி நிறைய ஜனம். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன், புளியமரம் வந்ததும் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டும், அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் மாற்றினால் வண்டி திணறும், இந்தப் பக்கம் மாற்றினால் உறுமும், மரத்துக்கு நேராக மாற்றினால் வண்டிக்கே தெரியாது. மரம் வந்தது. கிளட்சை மிதி என்று காலுக்குச் சொன்னேன். கால் போகவில்லை. வலி கூட இல்லை, அதுதான் பயம். கால் தரையில் இருந்தது, யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி. என்ஜின் இரண்டு தடவை இடித்துவிட்டு நின்றது. வண்டி ஒரு மூச்சு நேரம் எந்தப் பக்கமும் போகாமல் நின்றது. அப்புறம் பின்னால் போக ஆரம்பித்தது. மெதுவாகத்தான். வலது கால் பிரேக்கைத் தேடிப் பிடித்து, கை ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எல்லாம் முடிந்தபோது இரண்டு கை நீளம் போயிருக்கும். பின்னால் யாரும் கத்தக்கூட இல்லை, ஒரு பால் கேன் மட்டும் உருண்டது. "கிளட்ச் போச்சு" என்றேன். மாரப்பன் என்னைப் பார்த்தான். கிளட்ச் போன வண்டியின் சத்தம் அவனுக்குத் தெரியும். "கிளட்ச் போச்சுங்க, எல்லாம் எறங்குங்க, பின்னால வண்டி வருது" என்று அவனும் சத்தமாகச் சொன்னான். ஜனம் இறங்கியது. பாதி வழியில் அதற்கு முன் நான் யாரையும் இறக்கிவிட்டதில்லை. பஞ்சராகி, டயரை மாற்றி, நேரம் கழித்துப் போயிருக்கிறேன், ஆனால் கொளத்துப்புதூர் போய்ச் சேர்ந்திருக்கிறேன். எல்லோரும் ரோட்டோரமாகப் பைகளோடு நின்றார்கள், யாரும் திட்டவில்லை. ஒரு அம்மா, "நீ என்ன பண்ணுவ தம்பி, இரும்புதானே" என்றாள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வலது பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தடவை இறக்க மாட்டேன். கால் மேலே இருக்கிறது, நடுங்குகிறது, மரம் நேரே இருக்கிறது, ஐந்து எண்ணிக்கை எப்போதோ முடிந்திருக்கும், மாரப்பன் விசில் கொடுக்கட்டும், கொடுத்தால்தான் இறக்குவேன், ஆறு, ஆறுக்கும் மேலே, ஏறிவிடும், இன்னும் கொஞ்சம்தான், ஏறிவிடும்.

கணுக்காலில் ஒரு கை படுகிறது. குளிர்ந்த கை. "எத்தன அண்ணாச்சி?" "வாய்க்கால் பாலம் தாண்டியாச்சு" என்கிறேன்.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறக்கிறேன். மின்விசிறி. பச்சைத் திரை. பெனிட்டா என் காலைப் பிடித்து மெதுவாகத் தலையணை மேல் இறக்குகிறாள். "என்ன தாண்டியாச்சு?" வாத்தியாரின் பெருமூச்சு நின்றுவிட்டது, அவரும் கேட்கிறார் என்று தெரிகிறது. மழுப்பப் பார்த்தேன், வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. நிறுத்தங்களைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "சரி, அப்ப பத்தாவது ஸ்டாப்ல நிப்பாட்டிருவீங்க, அப்படித்தான?" நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். "அண்ணாச்சி. மொத்தம் எத்தன ஸ்டாப்பு?" "இருவத்தி மூணுன்னு மாரப்பன் சொல்லுவானுங்க." "இருபத்தி மூணுமா?" "திரும்பி வரோணுமில்லீங்க." அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு நாளைக்கு மூணு தடவையும்?" "நீங்கதானுங்களே மூணு தடவைன்னு சொன்னீங்க." திரைக்கு அந்தப் பக்கமிருந்து வாத்தியார், "நூத்தி முப்பத்தெட்டு" என்றார். "முப்பதுக்குப் பதிலா. நாலரை மடங்குக்கு மேல போகுது டிரைவரே." "வாத்தியாரய்யா, நீங்க ஏணில ஏறுங்க" என்றாள் பெனிட்டா. ஆனால் இப்போது அவள் சிரிக்கவில்லை. அட்டையை எடுத்து ஆறு வாரத்தையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள். "நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், வலி மூணுங்கீங்க, தொட்டா துள்ளுதீங்க. நார் புண்ணா இருக்கு அண்ணாச்சி. கொஞ்சமா வேலை குடுத்தா தேறும். நீங்க என்னன்னா மருந்துன்னு குடுத்தா பாட்டிலோட முழுங்கி வச்சிருக்கீங்க. மூணுன்னு சொன்னது?" "அதுவும் இல்லீங்க." "எவ்ளோ?" "மேட்டுல ஆறு ஏழு வருமுங்க."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை மூடிவிட்டாள். மூடின சத்தம் எனக்குப் பெரிதாகக் கேட்டது. "வெள்ளிக்கிழமைக்கு என்னால எழுத முடியாது. இன்னும் எட்டு வாரமாவது ஆகும்." எட்டு வாரம். அதற்குள் பதினாலாம் நம்பருக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள், போட்டால் போட்டதுதான், எனக்கு அந்த ஒரு கால் குட்டையான நாற்காலி. "பாதி வழியில எப்பிடி அம்மணி நிறுத்தறது?" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சல் மாதிரி கேட்டது. "ஜனம் உக்காந்திருக்குதுங்களே." "ஆளே இல்லாத வண்டி அண்ணாச்சி. கட்டில்ல நீங்க மட்டுந்தான் இருக்கீங்க." இல்லை, அப்படி இல்லை, எக்ஸ்ரே உறையோடு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடப் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களையெல்லாம் மேட்டில் இறக்கிவிட்டதால்தான் நான் ஆறு வாரமாக ஒவ்வொரு நாளும் ஏற்றிக்கொண்டு போய்க் கொளத்துப்புதூரில் சேர்க்கிறேன். சேர்க்கிறேனா? சேர்த்த பிறகு மறுபடியும் மணிக்கூண்டில் அவர்களேதான் நிற்கிறார்கள். இதை எப்படிச் சொல்வது? சொல்ல வந்தது இது. ஆனால் வாயில் வந்தது வேறு. "கிளட்ச் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்றேன். அவளுக்குப் புரிந்திருக்காது. "பங்குனியில, கரட்டு மேட்டுல. கால்தான் போகல. வண்டி பின்னால போச்சு. ரெண்டு கை தூரம். பின்னால ஒரு மொபெட்டு நின்னுச்சுங்க, புருசன் பொண்டாட்டி, நடுவுல ஒரு கொழந்த. கண்ணாடியில பாத்தனுங்க. அந்தக் கொழந்த கைய நீட்டி எங்க பஸ்ஸத் தொட்டுச்சு. வண்டி அவ்வளவு கிட்டப் போயிருந்துச்சு. அதுக்குப் பஸ்ஸத் தொட்டதுல சந்தோசம். சிரிச்சுச்சுங்க."

யாரும் பேசவில்லை. திரைத்துணி உள்ளே ஊதி வெளியே ஊதியது. ஆறு வாரம் மேட்டில் ஏறியும் அந்தக் கையை நான் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை, புளியமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. சின்னக் கை. வளையல் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை யாராவது எனக்குக் கடிதம் கொடுத்து, நானும் மூணு என்று சொல்லிவிட்டால், திங்கட்கிழமை அந்த மரத்துக்கு நேராகக் காலுக்குச் சொல்வேன். கால் போகலாம். போகாமலும் இருக்கலாம். "கடுதாசி வேண்டாமுங்க" என்றேன். "இல்ல, குடுங்க. உள்ளதை எழுதிக் குடுங்க. மேட்டுல நடந்ததையும் எழுதுங்க. அந்த ஆபீசருங்ககிட்ட நான் வாயாலயும் சொல்லிக்கறனுங்க." "எட்டு வாரம் கழிச்சு ஓட்டலாமான்னு கேட்டா எனக்கு இப்பத் தெரியாது அண்ணாச்சி. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன்." "செரிங்க." "நெசமாத்தான் சொல்லுதேன்." "நானும் நெசமாத்தானுங்க செரிங்கறேன்."

அவள் என்னை மல்லாக்கப் படுக்க வைத்தாள். காலைத் தூக்குவது இன்றைக்கு அவ்வளவுதான், இனிமேல் கொஞ்ச நாளைக்கு வேறு பயிற்சி. முழங்காலை மடக்கி, இரண்டு தொடைக்கும் மேலே ஒரு பட்டையைச் சுற்றி, அதை இரண்டு பக்கமும் மெதுவாகத் தள்ளச் சொன்னாள். கால் எங்கும் போகாது, தள்ளிக்கொண்டு மட்டும் இருக்கும். கேட் மூடியிருக்கும்போது நிற்கிற வண்டி மாதிரி. "பத்துதான். பதினொன்னு கெடையாது. நீங்க உங்க ஸ்டாப் பேரைச் சொல்லுங்க, நான் என் நம்பரைச் சொல்லுதேன்." எனக்குக் கூச்சமாக இருந்தது, வாத்தியார் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார். மனசுக்குள் சொல்கிற பேர்களை வெளியே சொல்வது சட்டையைக் கழற்றுகிற மாதிரி. "மணிக்கூண்டு" என்றேன். "ஒன்னு" என்றாள். பட்டை இழுத்தது, விட்டது. "பெரியாஸ்பத்திரி." "ரெண்டு." "தாலுக்கா ஆபீஸ்." "மூணு. மெதுவா, மெதுவா." "பொண்ணுங்க பள்ளிக்கூடம்." "நாலு." நாலுக்கு முதல் தடவையாக ஒரு முகம் கிடைத்தது, இரட்டை ஜடையும் பையும். சந்தைப்பேட்டை ஐந்து. ரயில்வே கேட் ஆறு. வலி வரும் என்று காத்திருந்தேன். எட்டிப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டது. "அரிசி மில்." "ஏழு." கண் சொருகியது. தவிட்டுத் தூசி எல்லாவற்றையும் வெளுப்பாக்கியது, திரையை, எலும்புக்கூட்டை, அவள் குரலை. "மரக்கடை." "எட்டு." "செக்போஸ்ட்." "ஒம்பது." காற்று மாறியது. இத்தனை வருஷத்தில் நிறுத்தங்களை நான் எண்ணினதே இல்லை, அதனால் அடுத்தது எது என்று தெரியும், எத்தனையாவது என்று தெரியாது. பட்டையைத் தள்ளினேன். சொன்னேன்.

"சாயப்பட்டறை முக்கு."

"பத்து. போதும், விட்டுருங்க." பட்டை தளர்ந்தது. "பத்துல எந்த எடம் வருது? பெரிய ஸ்டாப்பா?" என்று கேட்டாள், பட்டையின் பூட்டைக் கழற்றிக்கொண்டே. "எங்கூருங்க" என்றேன். "எங்க ஊடு அங்கதான் இருக்குதுங்க."

அவள் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. வசந்தாமணி முன்பக்கமாகச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்து போசியை நீட்டுகிறாள். நான் வாங்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, கம்பளியின் மேலிருந்த என் துண்டை எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்து, கம்பியைப் பிடித்து, வலது காலை முதலில், இடது காலை அதற்குப் பின்னால், மெதுவாகத் தரையில் வைத்தேன். ரோடு சுட்டது. நிற்கிறபோது அந்த ரோடு இவ்வளவு அகலம் என்று எனக்குத் தெரியாது. "என்னங்க, இங்கயே எறங்கிட்டீங்க?" என்கிறாள் அவள். "வண்டி போகலீங்களா?" "போகும்" என்கிறேன். யாரோ ஒருத்தர் என் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார், முகம் தெரியவில்லை, ஸ்டீயரிங் மேல் கை மட்டும் தெரிகிறது. அந்தக் கையைப் பார்க்கிறேன். மாரப்பன் இரண்டு விசில் கொடுக்கிறான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் போகின்றன, எக்ஸ்ரே உறை, இரட்டை ஜடை, பால் கேன், ஒரு கோழி. வாய்க்கால் பாலத்தில் வண்டி ஒரு தரம் குலுங்கியது. அப்புறம் மரங்களுக்குப் பின்னால் போய்விட்டது, சத்தம் மட்டும்தான். வசந்தாமணி ஏதோ கேட்டாள். இரு என்று கையைக் காட்டினேன், அவளும் காதைத் திருப்பிக்கொண்டு நின்றாள், எதற்கு என்று தெரியாமலே. மேடு ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது கியர் இழுத்தது, இழுத்தது, இன்னும் கொஞ்சம் இழுத்தது. என் இடது பாதம் தரையை விட்டு எழவில்லை. பிறகு அங்கே, புளியமரத்துக்கு நேராக, ஒரு சின்ன அமைதி. இரண்டாவது கியர் விழுந்தது. வண்டிக்கே தெரிந்திருக்காது.